அப்பாவின் நெஞ்சும் ஐம்பத்தொரு தேங்காயும்

“வேற ஏதாவது கேட்கணுமா அங்கிள்?” என்றார் சர்ஜன்.

அப்பாவுக்குச் செய்யப்போகிற பைபாஸ் ஆப்பரேஷனில் நெஞ்செலும்பை அறுத்து, காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஓடவிடப்போவதை அரைமணி நேரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் படம் போட்டு விளக்கியிருந்தார். எது எது தப்பாகப் போகலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பிரிப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கலாமா?”

டாக்டர் சீனர். வெளியூர்க்காரராக இருந்திருந்தால் சிரித்திருப்பார். இவர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். “எத்தனை?” என்றார்.

“ஐம்பத்தொண்ணு.”

“ஒரே ஆளாவா?”

“முப்பது வருஷமா ஒரே ஆளுதான்.”

டாக்டர் மேசைக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். அக்டோபர் நடுவில் ஆப்பரேஷன், பிப்ரவரி 11 தைப்பூசம். “அப்போ சொல்றேன் அங்கிள்” என்றார்.

பினாங்குத் தைப்பூசம் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பூசத்துக்கு முந்தின நாள் காலையில் செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து, முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் புறப்படும். வழிநெடுக ரதத்துக்கு முன்னால் தேங்காய் சிதறும். பத்து இருபது இல்லை, மூட்டை மூட்டையாக. தார்ச்சாலை வெள்ளையாகிப் போகும். சீனர்களும் லாரியில் தேங்காய் கொண்டுவந்து கொட்டி உடைப்பார்கள். டத்தோ கெராமட் சாலையோரம் அப்பாவுக்கென்று ஓர் இடம் உண்டு. அம்மா இறந்த வருஷம்கூட அந்த இடம் காலியாக இருந்ததில்லை.

அவரிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. பிழைப்பீர்களா என்று நான் கவலைப்பட, நீங்கள் தேங்காயைப் பற்றிக் கேட்கிறீர்களே என்று காரில் சண்டை போட்டேன். அன்று அந்த அறையில் கேட்கப்பட்டதிலேயே சரியான கேள்வி அதுதான் என்பது புரிய எனக்கு நாலு மாதம் ஆனது.

அப்பாவுக்கு அப்போது வயது 78. பொதுப்பணித் துறையான ஜேகேஆரில் லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாக இனிப்பு நீர். நெஞ்சுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஜெலுத்தோங் பசாருக்கு நடந்து போகிறவர், வழியில் பஸ் ஸ்டாப்பில் உட்கார ஆரம்பித்தார். முதலில் ஒரு ஸ்டாப்பில், பிறகு இரண்டிலும். “வெயிலு” என்றார். வயதானவர்களுக்கு, அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இதயம் வலித்துக் காட்டாமல் மூச்சுவாங்கியும் அசதியாகவும்தான் பல நேரம் காட்டும் என்று ஆஞ்சியோ செய்த டாக்டர் சொன்னபோது அந்த பஸ் ஸ்டாப் பெஞ்சு எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று குழாய்களில் அடைப்பு.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அதாவது மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இடமும் வலமும் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும்.

ஸ்டென்ட் வைத்தால் போதாதா, இந்த வயசில் ஏன் நெஞ்சைப் பிளக்கணும் என்று கேட்காத உறவினர் இல்லை. நானும் கேட்டேன். சர்க்கரை நோயும் பல குழாய் அடைப்பும் சேர்ந்திருப்பவர்களை வைத்து நடந்த ஃப்ரீடம் என்ற பெரிய ஆய்வு 2012ல் வெளிவந்தது. ஐந்து வருஷத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காடு, பைபாஸ் செய்தவர்களில் 18.7. ஆனால் பக்கவாதத்தை மட்டும் தனியாக எடுத்தால் பைபாஸ் பக்கம்தான் அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது அறுபதைக் கொஞ்சம் தாண்டியது. அப்பாவுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அறுபது வயதுக்காரருடைய கணக்கை எண்பது வயதுக்காரருக்குப் போட முடியுமா? முழுசாகப் போட முடியாது என்று டாக்டரே ஒத்துக்கொண்டார். பைபாஸில் இறப்பவர்கள் எல்லா வயதையும் சேர்த்தால் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர். எண்பதைத் தாண்டினால் அது இரண்டு மடங்குக்கு மேலேயே போகும்.

இந்த நாட்டில் இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் முன்னாள் பிரதமர் மகாதீரிடம்தான் போய் முடியும். 1989ல் முதல் பைபாஸ், வெளிநாடு போகாமல் கோலாலம்பூரிலேயே. 2007ல் தேசிய இருதயக் கழகமான ஐஜேஎன்னில் இரண்டாவது, அப்போது வயது 82. அதற்கப்புறம் 2018ல் 92 வயதில் மறுபடி பிரதமர். என் தம்பி பூச்சோங்கிலிருந்து போனில் இதைத்தான் சொன்னான்: “மகாதீரே பண்ணிக்கிட்டாருக்கா, அப்பாவுக்கு என்ன?” அந்த இரண்டாவது ஆப்பரேஷனுக்குப் பிறகு நெஞ்சுக் காயத்தில் தொற்று வந்து, மறுபடியும் ஆப்பரேஷன் தியேட்டருக்குள் போய், வாரக்கணக்கில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததை யாரும் சொல்வதில்லை. மகாதீர் எழுந்துவந்தார், எல்லோரும் பார்த்தோம். எழுந்து வராதவர்களை யார் டிவியில் காட்டப்போகிறார்கள்?

முடிவெடுக்க எனக்கு உதவியது எந்தப் புள்ளிவிவரமும் இல்லை, ஒரு நடை. வராந்தாவில் தரையில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டி, ஐந்து மீட்டர் தூரம், “சாதாரணமா நடங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டு ஒரு பெண் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். வயதானவர்களுக்கு இதய ஆப்பரேஷன் செய்வதற்கு முன்னால் பார்க்கிற பரிசோதனை இது. அந்த ஐந்து மீட்டருக்கு 6 வினாடியோ அதற்கு மேலோ எடுப்பவர்களுக்கு ஆப்பரேஷனுக்குப் பிறகு பெரிய சிக்கலோ மரணமோ வரும் ஆபத்து, வேகமாக நடப்பவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று 2010ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. பிறந்த தேதியைவிட கால்தான் உண்மையான வயதைச் சொல்கிறதாம். அப்பா ரோடு வேலையை மேற்பார்வை பார்க்கிறவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஏழு வினாடி. இரண்டாவது தடவை ஐந்தரை. “வேகமா நடக்கணும்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே” என்றார் அந்தப் பெண்ணிடம். எதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

பென்ஷன்காரர் என்பதால், செலவை அரசாங்கம் ஏற்கும் ஜிஎல் என்ற உத்தரவாதக் கடிதம் கிடைத்தது; பணத்துக்காக அலையவில்லை. அந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்கு உள்ளே போனவர், வெளியே செய்தி வந்தபோது மணி ஒன்றரை. மூன்று பைபாஸ். நெஞ்சுக்கூட்டின் உட்புறம் ஓடும் தமனி ஒன்றைத் திருப்பி முக்கியமான குழாயில் இணைத்திருந்தார்கள். மற்ற இரண்டுக்கும் இடது காலிலிருந்து எடுத்தது. நெஞ்சுத் தமனி பத்து வருஷம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அடைக்காமல் இருக்கும், காலிலிருந்து எடுத்ததில் கிட்டத்தட்டப் பாதி அதற்குள் அடைத்துவிடும் என்று செய்தி சொல்ல வந்த இளைய டாக்டர் சொன்னார். 78 வயதில் பத்து வருஷ கேரன்டி கிடைத்தால் எந்த அப்பாவும் வாங்கிக்கொள்வார். “ஆப்பரேஷன் சக்சஸ்” என்றார். தம்பிக்கு போன் போட்டு நானும் அதையே சொன்னேன். குடும்ப வாட்ஸாப்பில் முப்பது கும்பிடு வந்தது.

மறுநாள் மூச்சு டியூப்பை எடுத்தார்கள். பேசினார். தண்ணீர் கேட்டார். எல்லாம் சரி என்று வீட்டுக்கு வந்து படுத்தேன்.

வியாழன் பின்னிரவு இரண்டு மணிக்கு போன் அடித்தது. “உங்க அப்பா லைனையெல்லாம் பிடுங்குறாரு, யாராவது வர முடியுமா?”

போனபோது அவர் இரண்டு கைகளிலும் பாக்ஸிங் கிளவுஸ் மாதிரி வெள்ளைத் துணியுறை மாட்டியிருந்தது. கட்டிலின் கம்பியை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகிற மலைப் பாதையில் அவர் லாரி இறங்கிக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். “குதிச்சிருங்கடா, குதிச்சிருங்கடா” என்று கத்தினார். நர்ஸ் மிஸ்ஸியைப் பார்த்து “மண்டோர் (மேஸ்திரி), சாவியை எடு” என்றார். என்னைப் பார்த்தார். யார் என்று தெரியவில்லை. செத்துப்போன தன் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, “நீ ஏன் இதுல ஏறினே?” என்று அழுதார். அறுபது வயதுக்கு மேல் அப்பா அழுது நான் பார்த்தது அம்மாவைத் தூக்கியபோது மட்டும்தான்.

மூளைக்குப் போகிற ரத்தம் தடைப்பட்டுவிட்டது, பைத்தியம் பிடித்துவிட்டது, இனி இவர் இப்படித்தான் என்று அந்த ஒரு மணி நேரத்தில் நான் போகாத இடம் இல்லை. டாக்டர் வந்து கை, கால், முகம், பேச்சு பார்த்தார், பக்கவாதம் இல்லை என்றார். பெரிய ஆப்பரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வருகிற மனக்குழப்பம்; இரண்டாம், மூன்றாம் நாள் இரவில் கூடும்; இதய ஆப்பரேஷன் செய்துகொண்ட முதியவர்களில் நாலில் ஒருவருக்காவது வரும் என்றார். நாலில் ஒருவர்! இவ்வளவு சாதாரணமாக வருகிற ஒன்றை ஏன் ஒருத்தர்கூட முன்கூட்டியே சொல்லவில்லை? சர்ஜன் அரைமணி நேரம் பேசினாரே, கிட்னி, நுரையீரல், ரத்தப்போக்கு எல்லாம் வந்ததே, இது மட்டும் எப்படி விட்டுப்போனது? அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

ஆனால் கோபப்பட எனக்கு முழு உரிமை இல்லை. விடியப்போகிற நேரத்தில் டூட்டிக்கு வந்த வயதான மலாய் மிஸ்ஸி ஒருவர் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: “பாக்சிக் (மாமா) கண்ணாடி போடுவாரா? காது மிஷின் ஏதும் உண்டா?”

என் கைப்பையைத் திறந்தேன். ஆப்பரேஷன் அன்று காலையில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டி, தொலைந்துவிடும், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று கொடுத்த பிளாஸ்டிக் பை. உள்ளே கண்ணாடி, காது மிஷின், பல்செட்டு. மூன்று நாளாக என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்க்க வந்தபோதெல்லாம் கூடவே வந்து கூடவே திரும்பிப் போயிருக்கிறது.

காதில் மாட்டியதும் மிஷின் ‘கீ’ என்று ஒரு சத்தம் போட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டேன். அப்பா என்னையே பார்த்தார். “ஏன் தலையை வாராம வந்திருக்கே?” என்றார்.

உடனே எல்லாம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் பொய். அன்று மத்தியானம் மறுபடி லாரி ஏறினார். நாலு நாள் வந்து வந்து போனது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் இறங்கினார். ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிவைத்தோம், பகல் எது இரவு எது என்று தெரிய. சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி வைத்தேன். தமிழில் பேச ஓர் ஆள் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். யோசித்துப் பாருங்கள்: சரியாகக் கேட்காத, சரியாகத் தெரியாத, பல் இல்லாததால் வார்த்தை குழறுகிற ஒரு கிழவரை, இரவும் பகலும் ஒரே வெளிச்சம் எரிகிற, ஏதாவது ஒன்று எப்போதும் பீப் அடிக்கிற அறையில் போட்டுவிட்டால் அவருடைய மூளை பாவம் என்னதான் செய்யும்? தெரிந்த ரோட்டைத் தேடிப் போகிறது.

இதயம் தாறுமாறாகத் துடிக்கிற சிக்கல் ஒன்றும் மூன்றாம் நாள் வந்தது. பைபாஸ் செய்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு வருமாம். மருந்தில் அடங்கியது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

26ஆம் தேதி சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். காரில் பின்சீட்டு, நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் தலையணை. அந்தத் தலையணை பிறகு எங்கள் வீட்டு ஆளாகவே ஆகிவிட்டது. இருமினால், தும்மினால், சிரித்தால்கூட அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிற நெஞ்செலும்பு ஒட்டுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம், முழுசாக உறுதிப்பட மூன்று மாதம். அதுவரை கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. எழுபது வருஷமாக வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்கியவர் அவர். கட்டிலைக் கீழே ஹாலுக்கு இறக்கியிருந்தோம். அதை ஒரே ராத்திரியில் வெறுத்துவிட்டு சாய்வு நாற்காலியில் தூங்க ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் கீழே இருப்பது குந்துகிற கழிவறை. வலி மாத்திரையால் மலச்சிக்கல், முக்கினால் நெஞ்சு வலி, எழுந்திருக்கக் கையை ஊன்றக் கூடாது. மேலே போட்டு உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கி வந்த பிறகுதான் வீட்டில் நிம்மதி வந்தது. பைபாஸுக்குத் தயாராவது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், கழிவறையைப் பார்த்து வையுங்கள் என்று ஒருவர் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் தீபாவளி.

பினாங்கில் தீபாவளிக்கு வீட்டைத் திறந்து வைக்காமல் இருக்க முடியாது. இந்த வருஷம் ஓப்பன் ஹவுஸ் இல்லை என்று சொல்லியிருந்தேன். அப்பாவைப் பார்க்கத்தானே வருகிறோம் என்று எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள். மீன் சேர்க்காதே சீழ் வைக்கும் என்று ஓர் அத்தை. முட்டை சூடு என்று ஒரு மாமா. கஞ்சியும் ரசமும் மட்டும் கொடு என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அதே நேரத்தில் பின் வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) தீபாவளி வாழ்த்தோடு ஒரு தூக்கில் ஹாருவான் சூப் கொண்டுவந்து வைத்தார். நம் விரால் மீன்தான். அறுத்த காயம் ஆற ஹாருவான் என்பது இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர் என்று எல்லா வீட்டிலும் உள்ள வைத்தியம். அத்தை முகத்தைச் சுளித்தார். டயட்டீஷியனோ ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்: கிட்னி ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, காயம் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் ஒவ்வொரு வேளையும் மீனோ முட்டையோ பருப்போ இருக்கணும். பத்தியம் என்று நாம் வாயைக் கட்டுவது அந்த நேரத்தில் வயதானவர் காலைக் கட்டுவதுதான். சூப்பைச் சூடாக்கி ஊற்றினேன். அப்பா இரண்டு கரண்டி குடித்துவிட்டு, “எல்லாம் இரும்பு மாதிரி இருக்கு” என்று தள்ளினார். நாக்கில் ருசி திரும்ப ஐந்து வாரம் ஆனது.

இனி நான் செய்த பெரிய தவறு.

நவம்பர் முழுக்க அவரை நான் அசையவிடவில்லை. தண்ணீர் வேண்டுமா, நான். டிவி ரிமோட்டா, நான். நடக்கப் போகிறேன் என்று எழுந்தால், “பேசாம உட்காருங்கப்பா, கம்பி விட்டுரும்”. ஆஸ்பத்திரியில் பிசியோ பெண் “பாக்சிக், ஜாலான் சிக்கிட், கொஞ்சம் நடங்க” என்று தினமும் விரட்டியதை நான் ஏதோ அவருடைய வேலை என்று நினைத்திருந்தேன். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றுகிற பயிற்சியை மட்டும் செய்யவைத்தேன், அதுவும் அது உட்கார்ந்தே செய்யக்கூடியது என்பதால். நாலு வாரம் கழித்து செக்கப்புக்குப் போனபோது அதே வராந்தா, அதே டேப், அதே பெண். ஒன்பது வினாடி. இதயம் எக்கோ ஸ்கேனில் போன தடவையைவிட நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கால் போய்விட்டிருந்தது.

பேன்ட் தொடையில் காற்றாடியது. வயதானவர்கள் படுக்கையில் கிடந்தால் நாட்கணக்கிலேயே தசை கரைந்துபோகும், இளைஞர்களுக்குத் திரும்பி வருவது மாதிரி அவர்களுக்குத் திரும்பி வராது என்று பிசியோ சொன்னார். “ஆன்ட்டி, டாக்டர் ஹார்ட்டை ரிப்பேர் பண்ணிட்டாரு. டயர்ல நீங்க காத்தை இறக்கிட்டீங்க.” அப்பா லாரி டிரைவர் என்பது தெரிந்தே சொன்னாரா என்று தெரியவில்லை. அப்பா வாய்விட்டுச் சிரித்தார், தலையணையை அணைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதையும் நான் கவனிக்கவில்லை. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேப்பர் வந்தபடியே கிடந்தது. ஒருநாள் டிவியில் பால் மாவு விளம்பரத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார். “எதுக்குமா இதெல்லாம் பண்ணினோம்” என்றார் ஒரு தடவை. களைப்பு என்று நினைத்தேன். பைபாஸுக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்காவது மனச்சோர்வு வரும், அது கவனிக்கப்படாமல் போனால் குணமாவதும் தள்ளிப்போகும் என்று டாக்டர் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிய பிறகுதான் தெரிந்தது. நம் வீடுகளில் அப்பாக்களுக்கு மனச்சோர்வு வருவதில்லை. ‘அமைதியாயிட்டார்’ என்றுதான் சொல்வோம்.

ஞாபகம் பற்றியும் எனக்குப் பயம் இருந்தது. 2001ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பைபாஸ் முடிந்து வீடு திரும்பும்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஞாபகமும் கவனமும் மங்கியிருந்தன. ஆறு மாதத்தில் அது நாலில் ஒருவராகக் குறைந்து, ஐந்து வருஷத்தில் மறுபடி 42 விழுக்காடாக ஏறியது. இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகளில், ஆப்பரேஷன் செய்துகொள்ளாத இதய நோயாளிகளுக்கும் காலப்போக்கில் அதே அளவுக்கு மங்குவதாகத் தெரிந்திருக்கிறது; இதயத்தைக் கெடுத்த அதே சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் மூளையின் சின்னக் குழாய்களையும் கெடுக்கின்றன. பாதி வரை படித்து நிறுத்திவிடுகிறவர்களுக்கு இன்டர்நெட் ஒரு தண்டனை.

டிசம்பர் முதல் வாரத்தில் இருந்து நடை. ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, மீதி நாள் நாங்களே. முதலில் வீட்டுக்கும் கோழிக்கடைக்கும். பிறகு அடுத்த சந்து வரை. பஸ் ஸ்டாப் பெஞ்சு வந்தால் அப்பா அதைப் பார்ப்பார், உட்கார மாட்டார். கிறிஸ்மஸ் சமயத்தில் பூமலைக்குக் கூட்டிப்போனேன், தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் உள்ள பொட்டானிக்கல் கார்டன்தான். அங்கே மேடு பள்ளமில்லாத பாதையில் காலை ஏழு மணிக்கு இந்த ஊர்க் கிழவர் கிழவியர் பாதிப் பேரைப் பார்க்கலாம். சட்டையின் மேல் பட்டன் திறந்திருக்கிற இடத்தில் அதே நேர்க்கோட்டுத் தழும்பு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு சீனப் பெரியவர் அப்பாவின் நெஞ்சைக் காட்டி மூன்று விரல் நீட்டினார். அப்பா தலையாட்டினார். அவர் தன் நெஞ்சைத் தொட்டு நாலு விரல் காட்டினார். அதற்குப் பிறகு இருவரும் தினமும் சேர்ந்து நடந்தார்கள். குரங்கு வந்தால் என் அப்பா கம்பெடுப்பார், நாலு பைபாஸ்காரர் பின்னால் நிற்பார். அப்பா பேச ஆரம்பித்தது வீட்டிலில்லை, அங்கேதான், ஹொக்கியனும் மலாயும் கலந்து.

ஜனவரி நடுவில் செக்கப். சர்ஜன் நெஞ்செலும்பை அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், எக்ஸ்ரே பார்த்தார். நான் நோட்டைத் திறக்கவில்லை. அவரே கேட்டார்: “தேங்காய்?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரம் ஆரம்பமானது. உரித்த தேங்காய் என்ன எடை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தலைக்கு மேலே தூக்கி எறிவதா, தோள் உயரத்துக்கா. குனிந்து எடுப்பது யார். டாக்டர் ஐந்து என்றார். அப்பா இருபத்தொன்றுக்கு இறங்கினார். கடைசியில் ஏழு. ஒவ்வொன்றையும் யாராவது கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், இடையிடையே நின்று மூச்சுவிட வேண்டும், நெஞ்சில் ‘கிளிக்’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். “மிச்சம் நாற்பத்து நாலு?” என்றார் அப்பா. டாக்டர் என்னைப் பார்த்தார். “தம்பி பையன் வருவான்” என்றேன்.

பிப்ரவரி 10. இருட்டு பிரியும் முன்பே அந்த இடத்தைப் பிடித்துவிட்டோம். அப்பாவின் வேட்டி இடுப்பில் இரண்டு சுற்று கூடுதலாகவே இருந்தது. சட்டைக்குள் அந்தக் கோடு. காது மிஷின் போட்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மாற்று பேட்டரி என் கைப்பையில். ரதம் திரும்புவதற்கு முன்னாலேயே நாகஸ்வரம் கேட்டுவிட்டது. முதல் தேங்காயை நான்தான் கையில் கொடுத்தேன். பழைய மாதிரி அது வெடிக்கவில்லை, இரண்டாகப் பிளந்து உருண்டது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது சரியாகச் சிதறியது. ஏழாவது முடிந்ததும் ஒதுங்கி நின்று, பதினாறு வயதுப் பேரனுக்கு இடம் விட்டார்.

பையன் கிரிக்கெட் பந்து மாதிரி எறிந்தான். “தோளால எறியாதடா, இடுப்பால எறி” என்று அப்பா கத்தினார். கூட்டம், மேளம், காலுக்குக் கீழே வழுக்கல். நான் குனிந்து கூடையில் மிச்சம் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அப்பா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கி நிற்கிறார். உதடு மட்டும் அசைகிறது. எனக்கு உயிர் போய் வந்தது. தேங்காய் ஓட்டை நசுக்கிக்கொண்டு ஓடினேன்.

“அப்பா!”

கையை எடுத்தார். தெறித்த தேங்காய்த் தண்ணீரைச் சட்டையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“சும்மா இரும்மா, எண்ணிக்கிட்டிருக்கேன்ல” என்றார். “முப்பத்தெட்டு.”